லியோ அறக்கட்டளை: தோல் ஆராய்ச்சிக்கும் பள்ளி அறிவியலுக்கும் கொடுக்கும் பணம் தர்மமா, வியாபாரமா?

கோவை_ஆடிட்டர் (இழையைத் தொடங்கியவர்)

அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கைகளைப் படிப்பது என் தொழிலில் ஒரு பகுதி. பெரும்பாலும் தூக்கம்தான் வரும். டென்மார்க்கின் லியோ அறக்கட்டளை மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது, அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

1908-இல் ஆகஸ்ட் கோங்ஸ்டெட், அந்தோன் அந்தோன்ஸ் என்ற இரு மருந்தாளுநர்கள் கோபன்ஹேகனில் 'சிங்கம்' என்ற பெயர்கொண்ட ஒரு மருந்துக்கடையை வாங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் லியோ ஃபார்மா. புண், கொப்புளம் என்றால் நம் வீடுகளில் தடவும் ஃபியூசிடிக் அமிலக் களிம்பு 1960களில் அவர்கள் சந்தைக்குக் கொண்டுவந்தது. சொரியாசிஸ் என்ற செதில் நோய்க்கான கால்சிபோட்ரியால் மருந்தும் அவர்களுடையதே.

1984-இல் கம்பெனியை நடத்திவந்த க்னூட் அபில்கோர், உரிமையை முழுவதுமாக ஒரு அறக்கட்டளைக்கு மாற்றினார். 2021-இல் நோர்டிக் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனம் ஒரு சிறு பங்கை வாங்கியது. ஆனாலும் கடிவாளம் அறக்கட்டளை கையில்தான். அது என்ன செய்கிறது? உலகம் முழுவதும் தோல் ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கிறது. 2019-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் தோல் நோய் எதிர்ப்பியலுக்கென்று ஒரு மையம் அமைக்க, 10 ஆண்டுகளுக்கு 40 கோடி குரோனர் வரை ஒதுக்கியது. நம் பணத்தில் 500 கோடி ரூபாய்க்கு மேல். இன்னொரு பக்கம், டென்மார்க்கில் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் வரவைக்கும் திட்டங்களுக்கும் பணம்.

தோல் மருந்து விற்கும் கம்பெனியின் சொந்தக்காரர் தோல் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதைக் கொடை என்று சொல்லலாமா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுப்பவரின் மனசைத் தோண்டிப் பார்ப்பதில் பயனில்லை. எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறார், எந்த நோயைத் தேர்ந்தெடுக்கிறார், எதை விட்டுவிடுகிறார், இதைத்தான் பார்க்க வேண்டும். அடித்துப் பேசுங்கள்.

சும்மா_ஒருத்தன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது ஆடிட்டர் சார்? வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட். நடுவில் வரிச்சலுகை.

ஹெர்னிங்_சிவா

வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்களில் பலரைப் போல அகதியாக வந்து இந்த நாட்டில் தங்கிவிட்டவன். இங்கே இது புதுமையான விஷயம் இல்லை. பியர் காய்ச்சின ஜே. சி. யாக்கப்சன் 1876-இலேயே கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளையை உண்டாக்கிக் கம்பெனியை அதன் கையில் விட்டுவிட்டார். இன்சுலின் விற்கும் நோவோ நோர்டிஸ்க், மனநோய் மருந்து செய்யும் லுண்ட்பெக், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அறக்கட்டளைதான் இருக்கிறது. கம்பெனியை வெளிநாட்டுக்காரன் விழுங்க முடியாது, பேரப்பிள்ளைகள் அடிபட்டுப் பிரிக்கவும் முடியாது. தர்மம் என்பது அந்த ஏற்பாட்டோடு சேர்ந்து வருகிற ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

சும்மா ஒருத்தன் தம்பி, பாக்கெட் கதை அவ்வளவு லேசில்லை. கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் 1909-இல் சோரன்சன் என்பவர் அமிலத்தன்மையை அளக்க ஒரு அளவுகோல் போட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படிக்கிற பிஎச் அதுதான். பியர் நன்றாக வரவேண்டும் என்ற சுயநலத்தில் பிறந்தது. இன்றைக்கு உங்கள் ஊர்க் குடிதண்ணீரைச் சோதிப்பதும் அதே அளவில்தானே.

மதுரை_தோல்டாக்டர்

நான் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவில் இருக்கிறேன். ஆடிட்டர் கேட்ட 'எந்த நோய்' என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு திங்கட்கிழமை உட்கார்ந்தால் தெரியும். வரிசையில் வருபவர்களில் பெரும்பகுதி படர்தாமரை. இடுப்பு, தொடை இடுக்கு, சிலருக்கு முகம்வரை. மேசைமேல் ஒரு பிதுக்கிய டியூபை வைப்பார்கள்: உள்ளே குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ ஏதோ ஒரு ஸ்டீராய்டு, கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக், எல்லாம் ஒன்றாக. மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. தடவிய மறுநாள் அரிப்பு நிற்கும். பூஞ்சை மட்டும் ஸ்டீராய்டின் நிழலில் சுகமாகப் பரவும். வட்டத்துக்குள் வட்டமாக வருவதைப் பார்த்தாலே டியூப் கதை புரிந்துவிடும். வீட்டில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டால், வெளியே உட்கார்ந்திருக்கும் மாமியாரைக் கூப்பிடுவார்கள். ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் விதியை இறுக்கினார்கள். எத்தனை கடையில் சீட்டு கேட்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பூஞ்சை, அதற்கென்றே உள்ள டெர்பினாஃபின் மாத்திரைக்கே அடங்குவதில்லை. மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய நொதியின் மரபணுவில் சிறு மாற்றம் வந்துவிட்டது. இதை ஒரு தனி இனமாகப் பிரித்து, 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயர் வைத்தது 2020-இல், ஜப்பானில். அங்கே வசித்த ஒரு இந்தியரிடமிருந்தும் ஒரு நேபாளியிடமிருந்தும் எடுத்த மாதிரிகளை வைத்து. ஊரெல்லாம் இங்கே சொறிந்துகொண்டிருக்க, பெயர்சூட்டு விழா அங்கே.

எக்சிமா என்ற கரப்பான், சொரியாசிஸ் இரண்டுக்கும் ஆராய்ச்சிப் பணம் கொட்டுகிறது. மோசமான நோய்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்குப் பல வருஷம் மருந்து வாங்கும் பணக்கார நோயாளி இருக்கிறார். என் வரிசையில் நிற்பவர் 80 ரூபாய் டியூபுக்கே யோசிப்பவர்.

ரேவதி_டீச்சர்

டாக்டர் சொன்ன அந்த வட்டம் என் வகுப்பில் பல பிள்ளைகள் கழுத்தில் இருக்கிறது. யூனிஃபார்ம் காலருக்கு மேலே தெரியும். பூஞ்சை பாடம் நடத்தும்போது ரொட்டியில் வளரும் பூஞ்சையைக் காட்டுகிறோம், கழுத்தில் இருப்பதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி. கல்வி பற்றிப் பிறகு வந்து விரிவாக எழுதுகிறேன்.

வேலூர்க்காரன்

டாக்டர் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விற்க எதுவும் இல்லாதவர்கள் தோல் நோய்க்குப் பணம் கொடுத்த கதை எங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறது.

கரிகிரி தொழுநோய் ஆய்வு மையம் 1955-இல் மிஷன் நன்கொடைகளால் வந்தது. ஷீஃப்லின் என்ற பெயர் அதற்கு எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்கத் தொழுநோய் மிஷனின் தலைவராக இருந்தவர் அவர். நியூயார்க்கில் மருந்து வியாபாரக் குடும்பம். அதற்குச் சில வருஷம் முன்பே வேலூர் சிஎம்சியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றி வைத்துத் தைத்து, திரும்பவும் நீட்டிப் பிடிக்க வைத்தார். புண்கள் வருவது 'சதை அழுகுவதால்' அல்ல, வலி தெரியாமல் சூட்டிலும் ஆணியிலும் கைகால் படுவதால்தான் என்பதையும் இங்கே வைத்துத்தான் அவர் நிறுவினார். மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு அதிலிருந்து வந்தது.

இன்னொன்று. 1995 முதல் 1999 வரை உலகம் முழுக்கத் தொழுநோய்க் கூட்டுமருந்தை இலவசமாகக் கொடுக்கப் பணம் போட்டது ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை. அதன் வருமானம் மோட்டார் படகுப் போட்டியில் கட்டும் பந்தயப்பணம்! 2000-இலிருந்து நோவார்ட்டிஸ் மருந்தையே இலவசமாகக் கொடுக்கிறது. சூதாட்டப் பணத்தில் குணமான லட்சக்கணக்கானவர்களிடம் போய் 'தர்மமா வியாபாரமா' என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. 2005 கடைசியில், தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது என்று இந்தியா அறிவித்தது. அறிவித்ததுமே கொடுத்தவர்கள் பலர் வேறு நோய்க்குப் போய்விட்டார்கள். இன்றும் உலகில் வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் புது நோயாளிகள், அதில் பாதிக்கு மேல் நம் நாட்டில். அந்தக் கிருமியை ஹான்சன் நார்வேயில் 1873-இல் கண்டுபிடித்தார். 150 வருஷம் தாண்டியும் சோதனைக்கூடத் தட்டில் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும், அர்மடில்லோ என்ற ஓடுள்ள விலங்கின் உடம்பிலும்தான் வளர்க்கிறார்கள். அர்மடில்லோவைச் சில வருஷம் வைத்துக் காப்பாற்றச் சோறு போட யார் வருவார்கள்? அதுதான் பத்து வருஷக் கொடை தேவைப்படுகிற வேலை.

கோவை_ஆடிட்டர்

வேலூர்க்காரன் சொன்னதுதான் எனக்கு முக்கியம். இலக்கை எட்டியதாக அறிவித்தால் பணம் நிற்கிறது. வியாபாரத்தோடு ஒட்டிய அறக்கட்டளைப் பணம் நிற்பதில்லை, ஏனென்றால் தோல் அவர்கள் பிழைப்பு. இது லியோ மாதிரி அமைப்பின் பலம். அதன் பலவீனத்தை டாக்டர் சொல்லிவிட்டார்.

சும்மா ஒருத்தனுக்கு: பணம் போவது பல்கலைக்கழகத்துக்கு, கம்பெனிக்கு அல்ல. இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு மூன்று பிராந்தியங்களில் தலா ஒரு லட்சம் டாலர் விருது கொடுக்கிறார்கள், அதில் ஆசியா-பசிபிக்கும் ஒன்று. தவிர, கம்பெனி நஷ்டத்தில் ஓடிய வருஷங்களிலும் கொடை நிற்கவில்லை. அறக்கட்டளைக்கெனத் தனி முதலீடு இருப்பதன் லாபம் அது.

மதுரை_தோல்டாக்டர்

ஆடிட்டர் சார், மருந்தை மட்டும் பார்க்கும் பணத்தின் குறையை ஒரே உதாரணத்தில் சொல்கிறேன், அதுவும் டென்மார்க்கிலிருந்தே.

கொத்தனார், சித்தாள் கைகளைப் பார்த்திருப்பீர்கள். தடித்து, வெடித்து, ரத்தம் கசியும். ஈரச் சிமெண்டில் இருக்கும் குரோமேட் ஒவ்வாமை. டென்மார்க் 1983-இல் ஒரு விதி போட்டது: சிமெண்டில் கரையும் குரோமேட் ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. அதற்காக இரும்பு சல்ஃபேட் கலந்தார்கள். அது குரோமேட்டைத் தோலுக்குள் எளிதில் போகாத வடிவத்துக்கு மாற்றிவிடும். கட்டடத் தொழிலாளர்களிடம் அந்த ஒவ்வாமை இறங்கிவிட்டது. 2005-இல் ஐரோப்பா முழுக்க வரம்பு வந்தது. களிம்பு இல்லை, காப்புரிமை இல்லை, மூட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் செலவு.

இப்போது லியோவே நாள்பட்ட கை எக்சிமாவுக்கென்று டெல்கோசிட்டினிப் என்ற களிம்பு கொண்டுவந்திருக்கிறது. ஐரோப்பாவில் 2024-இல், அமெரிக்காவில் 2025-இல் அனுமதி. நல்ல மருந்து, ஸ்டீராய்டும் கிடையாது. வாங்க முடிந்தால் நானே எழுதுவேன். ஆனால் சிமெண்டு மூட்டையைப் பற்றி ஆராய எந்த மருந்துக் கம்பெனி அறக்கட்டளைக்கு ஆர்வம் வரும்? என் சண்டை அங்கேதான்.

சும்மா_ஒருத்தன்

அப்போ அரசாங்கம்தான் செய்யணும் என்று ஒத்துக்கொள்ளுங்கள். தனியார் தர்மம் என்பது அரசு கையை விரிப்பதற்கு ஒரு சாக்கு.

மதுரை_தோல்டாக்டர்

இரண்டும் வேண்டும். சொறிசிரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிஜித் தீவுகளில் ஒரு ஆய்வு: ஊருக்கே ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். நூற்றுக்கு 32 பேருக்கு இருந்த சிரங்கு ஒரு வருஷத்தில் 2 பேருக்கும் கீழே போனது. 2015-இல் வெளியான முடிவு. அதைப் பெரிய அளவில் செய்ய 2019-இல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி என்ற நிதி நிறுவனம், தன் 50-ஆம் ஆண்டையொட்டி, மெல்போர்னில் உள்ள மர்டோக் குழந்தைகள் ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தது. வங்கிக்காரனுக்கும் சிரங்குக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. மாத்திரை கொடுத்தது அந்தந்த அரசின் சுகாதார ஊழியர்கள். கொடையும் அரசும் சேர்ந்தால் இப்படி நடக்கும்.

ஹெர்னிங்_சிவா

டொக்டர், கொடையும் அரசும் சேர்ந்த கதை இங்கே இன்னும் பழசு.

நீல்ஸ் ஃபின்சன் என்று ஒருவர், ஃபாரோ தீவில் பிறந்தவர், தானே தீராத நோயாளி. அந்தக் காலத்தில் முகத்தில் வரும் தோல் காசநோய் ஆட்களின் மூக்கையே தின்றுவிடும். 1895-இல் கோபன்ஹேகன் மின்விளக்கு நிலையத்தில் வைத்து மொகன்சன் என்ற பொறியாளருக்குக் கார்பன் ஆர்க் வெளிச்சத்தால் முதல் சிகிச்சை. அடுத்த வருஷமே சில செல்வந்தர்கள் பணம் போட்டு ஒளிச் சிகிச்சை நிலையம் வந்தது. பிறகு அரசும் சேர்ந்தது. படங்களைப் பார்த்திருக்கிறேன்: நடுவில் தொங்கும் விளக்கிலிருந்து நாலு பக்கமும் தொலைநோக்கி மாதிரிக் குழாய்கள், ஒவ்வொன்றின் கீழும் படுத்திருக்கும் நோயாளி. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாதி, தண்ணீர் ஓடும் ஒரு சிறிய படிகத் தகட்டைத் தோலில் அழுத்திப் பிடித்தபடி. ரத்தத்தை விலக்கினால்தான் ஒளி உள்ளே போகும். ஒரு சின்னத் திட்டுக்கே ஒரு மணி நேரம் கிட்டப் பிடிக்க வேண்டும், அதுவும் பல நாள். 1903-இல் நோபல் பரிசு வந்ததும் அதில் ஒரு பகுதியை நிலையத்துக்கே கொடுத்தார். அடுத்த வருஷம், 43 வயதில், இறந்துபோனார்.

லண்டன் மருத்துவமனைக்கு அந்த விளக்கு போனதும் கொடையாகத்தான். டென்மார்க் இளவரசியாய்ப் பிறந்த அலெக்சாண்ட்ரா 1900-இல் கொடுத்தது. பிறந்த வீட்டுச் சீதனம் என்று நாங்கள் பகிடியாகச் சொல்வோம்.

ரேவதி_டீச்சர்

சரி, எல்லாரும் தோலிலேயே நின்றுவிட்டீர்கள். இளையோருக்கான அறிவியல் பக்கம் யாரும் வரவில்லை, நானே தொடங்குகிறேன்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். சில வருஷம் முன்பு ஒரு கம்பெனி சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தில் எங்களுக்கு 'நவீன ஆய்வகம்' வந்தது. ரிப்பன் வெட்டினார்கள், பெயர்ப்பலகை என் தலைக்கு மேல் இருக்கும். ஆறு நுண்ணோக்கிகள் நல்லவை. கண்ணாடிச் சில்லும் மூடுசில்லும் ஒரு பெட்டிதான் கொடுத்தார்கள், முதல் பருவத்திலேயே தீர்ந்தது. பல்பு எரிந்துபோனதும் மாற்று எங்கே கிடைக்கும் என்று கேட்க, பலகையில் தொலைபேசி எண் இல்லை. இன்வென்ட்டரியில் ஏறிய பொருள் என்பதால் உடைந்தால் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். ஆகவே இரண்டை பீரோவிலேயே பூட்டி வைத்திருக்கிறார் தலைமையாசிரியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுபக்கம், குப்பம் என்ற ஊரில் இருக்கும் அகஸ்தியா அமைப்பின் அறிவியல் வண்டியைப் பார்த்திருக்கிறேன். 1999-இல் தொடங்கியது, ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும் எங்களுக்கு அடுத்த ஊர்தான். வண்டியோடு சொல்லித்தர ஆள் வருகிறார். பொருள்கள் அட்டை, காந்தம், பிளாஸ்டிக் பாட்டில். உடைந்தால் யாரும் திட்டுவதில்லை, பிள்ளைகள் கையை வைக்கிறார்கள். பாதிச் செலவு ஆளுக்குத்தான் என்று நினைக்கிறேன், அதுதான் சரியும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழையும் சொல்ல வேண்டும். சந்தாவும் தொண்டர்களும்தான் அதன் முதல். பெரிய கொடையாளர் யாருக்கும் அது கண்ணில் படாது, ஏனென்றால் ரிப்பன் கட்ட இடமில்லை.

எனக்கு வேண்டியது மூன்று வருஷத்துக்கு மாதம் கொஞ்சம் காசும், கேட்டால் வந்து நிற்க ஒரு ஆளும்.

ஹெர்னிங்_சிவா

டீச்சர், இங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்தே 'இயற்கையும் தொழில்நுட்பமும்' என்று ஒரு பாடம் உண்டு. நோவோ நோர்டிஸ்க் அறக்கட்டளைப் பணத்தில் ஓடும் லைஃப் என்ற அமைப்பு பள்ளிகளுக்கு இலவசமாகப் பெட்டி அனுப்பும். ஒரு பாடத்தொடருக்குத் தேவையான சில்லறைச் சாமான் எல்லாம் உள்ளே இருக்கும். தீர்ந்தால் அடுத்த வகுப்புக்கு அடுத்த பெட்டி. ஆய்வுக்கூட லொறியும் வரும். நீங்கள் கேட்பது அதைத்தான்.

எடிசன்_சுப்பு

நியூஜெர்சியிலிருந்து. இங்கே வேறு மாதிரி. பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் திறன் தேடல் போட்டி 1942-இல் வெஸ்டிங்ஹவுஸ் பெயரில் தொடங்கி, 1998-இல் இன்டெலுக்குப் போய், 2017 முதல் ரீஜெனரானிடம் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு 10 கோடி டாலர் உறுதி. முதல் பரிசு மட்டும் இரண்டரை லட்சம் டாலர். ரீஜெனரான் யார்? சனோஃபியோடு சேர்ந்து எக்சிமாவுக்கான டூபிக்சென்ட் ஊசியை விற்பவர்கள்! இதிலும் தோலும் பள்ளியும் ஒரே வீட்டில். அதன் விஞ்ஞானத் தலைவர் யான்கோபுலோஸ் 1976-இல் இதே போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்.

என் பெண்ணின் பள்ளியில் இதற்கென்று தனி வகுப்பே நடக்கிறது. பெற்றோர் பேராசிரியராக இருந்தால் ஆய்வகக் கதவு திறக்கும். மற்றப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

ரேவதி_டீச்சர்

அதுதான் சுப்பு சார். போட்டிக்குப் பணம் கொடுத்தால் ஏற்கெனவே ஓடுகிறவர்களுக்குப் போகும். பெட்டிக்குக் கொடுத்தால் எல்லார் மேசைக்கும் போகும். இரண்டரை லட்சம் டாலருக்கு எத்தனை மூடுசில்லு வரும் என்று கணக்குப் போட்டேன், பிறகு மனசு கேட்காமல் விட்டுவிட்டேன் 😄

சும்மா_ஒருத்தன்

பள்ளிக்கூடப் பணத்தில் எனக்குச் சண்டை இல்லை. மருந்து விற்கிறவனுக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் உடனே விற்க ஒன்றுமில்லை. சந்தேகப்பட்டு அலுத்துவிட்டது.

வேலூர்க்காரன்

ஒரு நடைமுறைக் கேள்வி. லியோ அறக்கட்டளையிடம் நம் ஊர் ஆட்கள் விண்ணப்பிக்க முடியுமா? டாக்டரின் படர்தாமரைக்கு?

கோவை_ஆடிட்டர்

ஆராய்ச்சி நிதிக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். தோல் சார்ந்ததாக, தரமானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தடை இந்தப் பக்கம். வெளிநாட்டுப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் அந்த ஒரே கிளையில் கணக்கு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிரவும் முடியாது. மூன்று மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு இந்தக் கடைசி விதிதான் தலைவலி. அரசுச் சட்டத்தால் அமைந்து, அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) தணிக்கைக்கு உட்பட்ட பல்கலைக்கழகம் என்றால் விலக்கு உண்டு, அந்த வழியாகப் போவது நல்லது.

இன்னொரு வழி உள்ளூர் சிஎஸ்ஆர். கம்பெனிச் சட்டம் 2013-இன் ஏழாம் அட்டவணையில், அரசு நிதியில் நடக்கும் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதும் சேர்த்தி. கம்பெனிகளுக்கு இது தெரிவதில்லை. தெரிந்தாலும் பெயர்ப்பலகை எங்கே என்று கேட்பார்கள். வரவுசெலவுத் திட்டம் நான் போட்டுத் தருகிறேன், கட்டணம் வேண்டாம். டாக்டர், அறிவியல் பகுதியை எழுத ஆள் இருக்கிறதா?

மதுரை_தோல்டாக்டர்

முதுகலை மாணவி ஒருவர் ஆர்வமாக இருக்கிறார். தோல் செதிலைச் சுரண்டி எடுத்து, பூஞ்சை வளர்க்கும் சபுரோ ஊடகத்தில் போட்டால் நாலு வாரம் வரை காத்திருக்க வேண்டும். 25 டிகிரியில் நிற்கும் இன்குபேட்டர் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் நுண்ணுயிரியல் துறையுடையது. மரபணு வரிசை பார்க்க வெளியே அனுப்ப வேண்டும். இந்த இரண்டுக்கும் தோராயமாக எவ்வளவு என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் தனிமடலில் அனுப்புகிறேன். ரேவதி மேடம், உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைப் பார்க்க ஒரு முகாம் போட்டால் தலைமையாசிரியர் சம்மதிப்பாரா? பெற்றோர் ஒப்புதல் படிவம் தமிழில் நானே தயாரிக்கிறேன்.

ரேவதி_டீச்சர்

சம்மதிப்பார். வரும்போது மூடுசில்லு ஒரு பெட்டி கொண்டுவாருங்கள் டாக்டர், பிள்ளைகளும் பார்க்கட்டும்.